ஹெப்சிபா நிறுத்திய இடம்

பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நினைத்துவிட்டுப் பேசினேனா, பேசிய பிறகு நினைத்தேனா என்று பல வருஷங்களாகப் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒரு மாதிரி ஞாபகம் வருகிறது, மறுநாள் வேறு மாதிரி. காலமும் இடமும் மட்டும் தப்பவில்லை. 1912, பிப்ரவரி மாதம், பாளையங்கோட்டை. மிஷன் நடத்திய ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் ஹெப்சிபாவும் நானும் உபாத்தியாயினிப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தோம்.

பள்ளி மண்டபத்தில் ஒரு பியானோ இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு ஜட்ஜ் துரை விட்டுப் போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதன் மரம் ஊதிவிடும். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை, அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும். விரலால் நெம்பித் தூக்கினால்தான் மறுபடி ஒலிக்கும். பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் ஒரு மழைக்காலம் முழுவதும் ஹெப்சிபாவுக்கு மெதுவான ஒரு ஜெர்மன் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். அதன் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கட்டை அடுத்தடுத்து இரண்டு முறை வரும். முதல் முறை அமுக்கிவிட்டு, பெருவிரலால் அதைத் தூக்கிவிட்டு, பிறகு இரண்டாம் முறை அமுக்குவாள். அதற்குள் ஒரு மூச்சு விடும் நேரம் போய்விடும். இடது கை அதுவரை காத்திருக்கும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் திருப்புகிறவள். எனக்கு வாசிக்கத் தெரியாது. அவள் தலையசைத்தால் திருப்புவேன். தை பிறந்து வெயில் ஏறியதும் மரம் காய்ந்து கட்டை சரியாகிவிட்டது. ஆனால் அவள் பெருவிரல் அந்த இடத்தில் தானாக நெம்பப் போகும், பாட்டும் ஒரு மூச்சு நின்று போகும். அது அவளுக்கே தெரியாது.

அந்த வருஷம் பியானோ சொல்லிக்கொடுக்க ஒருத்தியை நியமிப்பது என்று மிஷன் கமிட்டி தீர்மானித்தது. ஹெப்சிபாவுக்குக் கிடைத்தால் பாளையங்கோட்டையில் பியானோவோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் கிராமத்துப் பள்ளிக்கூடம். கிராமங்களுக்குப் பெண்களைத் தனியாக அனுப்புவதில்லை, இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். எனக்குக் கங்கைகொண்டான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கூட வருவது யார் என்பதுதான் முடிவாகவில்லை.

வாசிப்பைக் கேட்டுத் தகுதி சொல்ல மதராஸிலிருந்து ஒரு துரைசானி வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த தலை. முதல் நாள் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் பக்கத்தில் அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார். ஹெப்சிபா வாசித்து முடித்தாள். பிறகு அவர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "உன் விரல்களில் குறையில்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் வாசிப்பது போல வாசிக்கிறாய். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினாய். அங்கே மட்டும் நீ உன் வாசிப்பையே கேட்டுக்கொண்டிருந்தாய். அதற்காகத்தான் நாளைக்கு இன்னொரு முறை கமிட்டியார் முன்னால் வாசிக்கச் சொல்கிறேன்."

வெளியே வந்ததும் தமிழ் வாத்தியார் பாக்கியசீலன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ பிள்ள, எனக்கு அந்தப் பெட்டி பேசுத பாஷை தெரியாது. ஒன் ரெண்டு கையும் அடுத்தடுத்த வீட்டுக்காரிய மாதிரி மாறி மாறிப் பதில் பேசுது. கடைசில ஜெயிச்சது எவ?"

"எடது கை, சார்."

"அதான பாத்தேன். அவதான் அடக்கிப் பேசுனா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் விடுதிக்குப் பின்னால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் தோளை இடித்தாள்.

"ஏட்டி கனி, நான் எங்கனட்டி நிறுத்துனேன்?"

நான் பேசவில்லை.

"அந்தம்மா கண்ணத் தொறந்து பாத்தாவ. நீ பக்கத்துலதான இருந்த. ஊமைக்கனின்னு சும்மாவா பேரு வச்சிருக்காளுவ? வாயத் தொறட்டி."

ஒரு புளியங்காய் உதிர்ந்தது. அதை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன். கங்கைகொண்டானில் எங்களுக்கென்று ஒதுக்கிய அறையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் இரண்டு பாய்கள் விரித்திருப்பது எனக்குத் தெரிந்தது. அதை அப்போதே பார்த்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா, சொல்ல முடியவில்லை.

"ரெண்டாம் பக்கம். அந்தக் கட்டைகிட்ட" என்றேன்.

"எந்தக் கட்டை?"

"மழையில ஒட்டுமே, அது. இப்பவும் ஒன் பெருவெரலு அதத் தூக்கப் போவுது. நீ பாட்டுக்காவ நிக்கல எப்சி, கட்டைக்காவ நிக்க."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்பம் அந்தம்மா மெச்சுனது என்னய இல்ல, மரத்தயா?"

"அது எனக்குத் தெரியாது."

"பாட்ட எழுதுனவரு அங்கன நிக்கச் சொல்லலியே. தெரிஞ்ச பெறவும் நின்னா அது ஏமாத்துல்லா. நிக்காமப் போறதுதான சரி?"

இருந்தபடியே வாசி என்று சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான்" என்றேன்.

மறுநாள் கமிட்டியார் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரைசானி அந்த இடம் நெருங்கும்போதே கண்ணைத் திறந்து நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். ஹெப்சிபாவின் பெருவிரல் உள்ளங்கைப் பக்கமாக மடங்கி அடங்கியிருந்தது. பாட்டு நிற்காமல் தாண்டிப் போயிற்று. அவர் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார். முடிந்ததும், "ஒரு பிழையும் இல்லை" என்றார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று ஹெப்சிபா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் ஹெப்சிபாவும் நானும் ஒரே டிரங்குப் பெட்டியில் எங்கள் சேலைகளை வைத்துக்கொண்டு கங்கைகொண்டானில் ரயிலை விட்டு இறங்கினோம்.

அங்கே ஐந்து வருஷம். அறையில் இரண்டு பாய்கள்தான் இருந்தன. சனிக்கிழமை ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்ச் சோப்பும் நூலும் வாங்கி வருவோம். திரும்பும்போது ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை. அவள் வைக்கும் குழம்பில் காரம் அதிகம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து, "அழுதுக்கிட்டே திங்கியே, அப்பம் நல்லாத்தான் இருக்கு" என்பாள். ஒரே குடையில் இரண்டு பேரும் பாதி பாதி நனைந்து பள்ளிக்கூடம் போன காலைகள் உண்டு. அந்த ஐந்து வருஷங்களைப் போல என் ஆயுசில் வேறெதுவும் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பாட்டு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். எங்கே இழுத்தது, எங்கே முந்தியது என்று குறைகளையெல்லாம் சொல்வாள். நன்றாக வந்த இடத்தை மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டாள். ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அந்தப் பிள்ள எவ்வளவு நல்லாப் பாடுச்சு. ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"நல்லா இருக்க எடத்த வெரல வச்சுக் காட்டுனா அது செத்துருமுட்டி. அவளுக்குத் தெரியாம இருக்க வரைக்குந்தான் அது இருக்கும்."

குரலில் வருத்தம் எதுவும் இல்லை. நான் உருவிய காம்பைக் கீழே போட்டேன்.

"எப்சி, அன்னைக்கு நான்..."

"கீரையப் பாத்து உருவு. பூச்சி கெடக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை.

1917-இல் ஹெப்சிபா கொழும்பில் தபாலாபீசில் வேலை பார்த்த ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு போனாள். மூன்று பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் எழுதுவாள். மறு வருஷம் பாக்கியசீலன் வாத்தியார் விஷக்காய்ச்சலில் இறந்தார். மிஸ்ஸியம்மாள் ஜெர்மன் சண்டை முடிந்ததும் சீமைக்குப் போய்விட்டார். அந்தப் பியானோ வேலைக்கு நாசரேத்திலிருந்து ஒருத்தி வந்து இருபது வருஷம் இருந்தாள். துரைசானி என்ன ஆனார் என்று தெரியாது. நான் கங்கைகொண்டானிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறேன். ஹெப்சிபாவுக்குப் பிறகு என்னோடு அந்த அறையில் நான்கு பேர் இருந்து போனார்கள்.