இரண்டாம் வெளுப்பு

ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்த முதல் வாரத்தில் ஞானதுரை கற்றுக்கொண்டது கூட்டலும் அல்ல, கழித்தலும் அல்ல; சந்தேகப்படுவது. ஆடிட்டர் பால்வண்ணநாதன் அதை ஒரு சாஸ்திரமாகவே வைத்திருந்தார்.

"சிரிச்சுப் பேசுதவனை ரெண்டு தரம் பாரும். காப்பி வாங்கித் தருதவனை மூணு தரம் பாரும். என்ன வேணாலும் கேளும், ஆனா எதுக்குக் கேக்கோம்னு மட்டும் வாய் தவறியும் சொல்லிராதயும். சொன்னீரோ, மறுநாளே அதுக்கு ஒரு ரசீது முளைச்சிரும்" என்பார். தென்காசியில் இருப்பவர்கள் எல்லாம் பிடிபட்ட திருடர்கள், இன்னும் பிடிபடாத திருடர்கள் என்று இரண்டே சாதி என்பது அவருடைய எண்ணம். அதில் அவர் வீட்டுப் பால்காரருக்கும் விலக்கு கிடையாது.

ஞானதுரைக்கு ஊர் உடன்குடிப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு 1957 ஏப்ரலில் தென்காசிக்கு வந்திருந்தான். ஆடிட்டர் ஆக வேண்டுமானால் ஒரு ஆடிட்டரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொண்டு சில வருஷம் வேலை பழக வேண்டும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, பிரீமியம் என்று ஆயிரம் இரண்டாயிரம் வாங்குவார்கள். வாத்தியார் சம்பளத்துக்கு அது எட்டாத தொகை. "மூணு மாசம் வேலை பாரும். ஆள் தேறுவீர்னு பட்டா, பிரீமியம் இல்லாமலே கையெழுத்துப் போடுதேன்" என்று பால்வண்ணநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு கையெழுத்தைத்தான் உடன்குடியில் ஒரு குடும்பமே காத்துக்கொண்டிருந்தது.

மே மாதம் அவனைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கணக்கைப் பார்க்க அனுப்பினார். பதினாலு அறைகள். முதலாளி பரீது ராவுத்தர் கடையநல்லூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறவர், லாட்ஜுப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். எல்லாப் பொறுப்பும் மேனேஜர் குத்தாலிங்கத்திடம்.

குத்தாலிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். ஞானதுரை போய் இறங்கியதுமே, "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கியோ, மொதல்ல காப்பி குடிங்க" என்று சிரித்தார். ஞானதுரைக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் காப்பியும் ஒரே மூச்சில் வருகிறதே! அவன் அறைக்குள் நுழைந்த போதெல்லாம் மேனேஜர் ஏதோ ஒரு தாளை மேஜை டிராயருக்குள் தள்ளி மூடினார். அது அவர் மகள் வடிவாம்பாளுக்கு ஆவணியில் நடக்கப்போகும் கல்யாணத்தின் செலவுப் பட்டியல் என்று பையனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். அங்கே தங்கிய மூன்று நாளும் அவனுக்கு அந்த டிராயர் மீதுதான் கண்.

இத்தனைக்கும் கணக்கு சுத்தமாக இருந்தது. அதுவே அவனுக்குப் பொறுக்கவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தவன் கடைசியில் சலவை நோட்டில் வந்து நின்றான். அந்த லாட்ஜில் தங்குகிறவர்களுக்குத் தினமும் படுக்கை விரிப்பு மாற்றுவது வழக்கம். அறைக்கு விரிக்க ஒன்று, போர்த்த ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு. போன சீசனில் மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பதிவேட்டில் இருந்த அறை வாடகை தொள்ளாயிரத்து நாற்பது நாள். அப்படியானால் வெளுத்திருக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று எண்பது விரிப்பு. வண்ணாத்தி பேராச்சிக் கிழவிக்குக் கூலி கொடுத்திருப்பதோ இரண்டாயிரத்து ஐந்நூறு உருப்படிக்கு!

ஞானதுரை மறுபடி ஒருமுறை கழித்துப் பார்த்தான். அறுநூற்று இருபது விரிப்பு அதிகம். அதாவது முந்நூற்றுப் பத்து நாள் வாடகை பதிவேட்டில் ஏறவே இல்லை. நாளுக்கு இரண்டு ரூபாய் வீதம் அறுநூற்று இருபது ரூபாயை மனுஷன் அமுக்கியிருக்கிறார். காப்பி கொடுத்துக்கொண்டே!

ஆடிட்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சலவை நோட்டா? இருபது வருஷத்தில எனக்கே தோணலியேவே!" என்று அவன் முதுகில் தட்டினார். துணி எப்படி வெளுக்கிறது, எப்படிக் காய்கிறது என்று பால்வண்ணநாதனுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. மடித்து வைத்ததை எடுத்து உடுத்துகிற ஜாதகம் அவருக்கு. ஞானதுரை அன்றைக்கே அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டான், பத்திரம் கையெழுத்தாகிவிடும் என்று.

மறுநாள் குத்தாலிங்கத்தை ஆபீசுக்கு வரவழைத்தார்கள்.

"முந்நூத்திப் பத்து நாள் வாடகை வரவுல வரல. போலீசுக்குப் போகட்டா, இல்ல ராவுத்தருக்குக் கட்டிருதீரா?" என்றார் ஆடிட்டர்.

குத்தாலிங்கத்துக்கு முகம் வெளிறியது. "எந்த ரூம், எந்தத் தேதின்னு சொல்லுங்கய்யா. நான் பதில் சொல்லுதேன்."

"அதைச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், அது போதும்."

"எப்படித் தெரியும்னாவது சொல்லுங்கய்யா."

ஆடிட்டர் வேறு ஒரு பைலைப் பிரித்துக்கொண்டார். சலவை நோட்டு ஞானதுரையின் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காரணம் சொல்லக் கூடாது என்பதல்லவா தொழில் தர்மம்! குத்தாலிங்கம் அவனைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. பிடிபட்டவன் அப்படித்தான் பார்ப்பான் என்று ஞானதுரை நினைத்துக்கொண்டான்.

நாலாம் நாள் அவர் அறுநூற்று இருபது ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து கட்டிவிட்டுப் போனார். "பாத்தீரா? களவாணிப்பய, பொத்துனாப்புல கட்டிட்டான்" என்றார் ஆடிட்டர். ராவுத்தர் பெரிய மனது பண்ணி ஆளை வேலையில் வைத்துக்கொண்டார். ஆனால் இனி மாதாமாதம் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குத் தனி பீஸ். பால்வண்ணநாதன் ஒப்பந்தப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் வாங்கி மேஜையில் வைத்தார்.

ஜூலையில் ஞானதுரை மறுபடி குற்றாலம் போனான். இந்தத் தடவை வேறு ஊருக்கு வந்தது போலிருந்தது. மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. சாரல் நிற்காமல் விழுந்தது, அருவிச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. மேனேஜர் காப்பி கொடுக்கவில்லை, சிரிக்கவில்லை. தம்பி போய் சார் ஆகியிருந்தது. கேட்ட நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கை கட்டி எட்டி நின்றார். இப்போது எங்கே ஒளித்து வைக்கிறாரோ என்று இவன் அதிலும் சந்தேகப்பட்டான்.

மூன்றாம் நாள் காலை பேராச்சி விரிப்பு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினாள். குத்தாலிங்கம் ஒன்றை உருவி முகர்ந்து பார்த்தார். "ஈரம் காயாம ஊமை வாடை அடிக்கி பேராச்சி. இதை எப்படி விரிக்க? திருப்பி வெளுத்துக் கொண்டா" என்றார். அவள் மூட்டையைக் கட்டினாள். அவர் நோட்டை எடுத்து மறுபடியும் இருபத்தெட்டு உருப்படி என்று எழுதினார்.

ஞானதுரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். உடன்குடி வெயிலில் கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். காயாத துணி என்று ஒன்று இருப்பதை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இங்கே அவன் போட்டிருந்த சட்டையே இரண்டு நாளாய் ஈரவாடை அடித்துக்கொண்டுதான் இருந்தது. வாசல் வரை ஓடி அவளை நிறுத்தினான்.

"போன வருஷமும் இப்படித்தானா?"

"எல்லா வருசமும் இப்படித்தான்யா. சாரல் கட்டிட்டா வெயிலு எங்கன இருக்கு? மூணு நாளு கொடியில கெடந்து நாறிப்போவும். மறுக்க வெளுக்கணும். மத்த லாட்ஜுல ரெண்டாம் வெளுப்புக்குச் சல்லி தரமாட்டாவ. இந்த மேனேஜரய்யாதான் அதுக்கும் கூலி எழுதுவாவ. பாவம், ஆவணியில மகளுக்குக் கல்யாணம், அதுக்கு வச்சிருந்த நகையை வைகாசியில வித்துட்டாவளாம். என்ன கஷ்டமோ தெரியல."

அவன் உள்ளே போய்ப் பழைய சலவை நோட்டைப் பிரித்தான். ஒன்பதாம் தேதி இருபத்தெட்டு, பன்னிரண்டாம் தேதி அதே இருபத்தெட்டு. இருபதாம் தேதி இருபத்தாறு, இருபத்து மூன்றாம் தேதி அதே இருபத்தாறு. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். மே மாதம் இதே பக்கங்களைத்தான் பார்த்தான். ஒரு கிழவி செய்த வேலைக்குக் கூலி கொடுத்ததைத் திருட்டு என்று கூட்டிக் கழித்து நிரூபித்துவிட்டோமே என்று அவனுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

தென்காசிக்குத் திரும்பி ஆடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டு முடித்து மூக்குப்பொடியை உதறினார்.

"நீர் சொல்லுதது சரின்னே வச்சுக்குவோம். அப்போ எதுக்குவே கட்டினான்?"

"பயந்து கட்டியிருக்காரு சார். ஆவணியில மகளுக்குக் கல்யாணம். களவாணின்னு பேர் வந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"களவாங்காதவனுக்கு என்ன பயம்?" என்றவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பொய் ரசீதைப் பார்க்கிற பார்வை அது. "நேத்து வரைக்கும் சரியாத்தானே இருந்தீரு. அங்கன மூணு நாள் தங்கினதுல உறவு முறுகிட்டோ?"

அவர் முத்திரைத்தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "திங்கக்கிழமை கையெழுத்துப் போடுததா இருக்கேன். ஆபீஸ் கணக்குத் தப்புன்னு ராவுத்தருக்கு ஒரு வரி போச்சுன்னு வையும், வேற ஆபீஸ் பாத்துக்கிடும்."

அப்பாவின் பதில் கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். ஞானதுரை இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தான். மூன்றாம் நாள் ராவுத்தருக்கு எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதி, தப்பு என்னுடையது, பணத்தை மேனேஜருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று முடித்து, தபாலாபீசில் ரிஜிஸ்தர் செய்தான். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் மனது லேசாக இருந்தது. நகலை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினான். மேனேஜர் முகத்தில் பழைய சிரிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

குத்தாலிங்கம் கடிதத்தை வாங்கி நின்றுகொண்டே படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். தாளைத் திருப்பி, பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ராவுத்தருக்கு அனுப்பியாச்சு அண்ணாச்சி. உங்க பணம் வந்திரும். நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றான் ஞானதுரை.

அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். அவன் பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "இதுக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

"ஐயோ, ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி!"

அவர் அதற்கும் தலையாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கடிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவன் பக்கமாக நகர்த்தினார்.

"இப்போதைக்கு இதுதான் இருக்கு சார்" என்றார்.