தோட்டத்து ரூம்

இப்பல்லாம் இடிக்க வருகிறவனும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் வருகிறான். அந்தக் காலத்துக் கண்டாக்கு என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முனையிலேயே கெட்ட வார்த்தை கேட்கும்; ஆள் வருவது தெரியும், சுதாரித்துக்கொள்ளலாம். இப்போது வேலையை மேய்க்கிற கண்டாக்கு ஜீவராஜோ, "தாத்தா, சாப்டீங்களா?" என்கிறான். பின்னாலேயே கடப்பாரையோடு இரண்டு பேர். கிழவர் பத்திநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாப்புட்டது கெடக்கட்டும். கடப்பாரை எதுக்கு?"

"தொர சொல்லிட்டாருங்க. தோட்டத்தைக் கேக்காம லயத்தோட ரூம் சேத்துக் கட்டக் கூடாதாம். இடிக்கச் சொல்றாரு."

லயத்து வீட்டோடு ஒட்டி, மருமகள் பிரியந்திக்காகக் கிழவர் தம் கையால் கல் அடுக்கிய அறை அது. உள்ளே தையல் மெஷின்கள். அட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் தனுஷிகா, பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்குமுன் இடத்தைப் பார்க்க இன்றைக்குத்தான் வருகிறாள். அறை இல்லாவிட்டால் வேலை இல்லை. பிரியந்தி பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி கொழும்பில் எவர் வீட்டிலோ பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

கிழவர் அறை வாசலில் குந்திக்கொண்டார். "என்னையும் சேத்து இடி."

"தாத்தா, என் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"ஒன் பொழப்பா? எங்கப்பன் வட்டகொடையில காணி வாங்கக் காசோட போனான்டா. சட்டம் போட்டு நம்ம ஆளுங்கள நாடில்லாதவனாக்கி வச்சிருந்த காலம். ஒனக்கு எழுதிக் குடுத்தா வம்புன்னு விக்க வந்தவன் பின்வாங்கிட்டான். அன்னைக்கு வாங்கியிருந்தா இன்னைக்கு ஒன் மூஞ்சியில நான் ஏன் முழிக்கிறேன்?"

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. துணி மூட்டைகளை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுத் தனுஷிகா இறங்கினாள். கடப்பாரையைப் பார்த்தாள். "என்ன தங்கச்சி, பிரச்சினையா?"

பிரியந்தி அறைக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தாள். வெளியாளைப் பார்த்ததும் ஜீவராஜ் ஒதுங்கிப் போய்த் தோட்ட மேனேஜர் துரையோடு போனில் பேசினான். திரும்பும்போது அதே சிரிப்பு. "நல்ல மனுசருங்க தொர. ரூம் தோட்டத்துதுன்னு எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டா இருந்துட்டுப் போகட்டுமாம். கேக்குறப்ப விட்டுறணும்."

"நான் கட்டின செவுரு அவருதா?" கிழவர் துள்ளி எழுந்தார்.

"மாமா, சும்மா இருங்க." பிரியந்தி அவரை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தோட்டத்து ரூம்தாங்க."

கடப்பாரைகள் போயின. தனுஷிகா அறையைப் பார்த்தாள். தைத்து வைத்திருந்த கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்திருந்தது. ஆனாலும் ஒரே ஒரு மூட்டையைத்தான் இறக்கினாள்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. நாளைக்கே விடச் சொன்னா என் துணிய மழையிலயா வைப்ப? சொந்த எடமா இருந்தா எல்லாத்தையும் எறக்கியிருப்பேன்."

ஆட்டோ வளைவில் மறைந்தது.

"இதாவது கெடைச்சுதே மாமா" என்றாள் பிரியந்தி, மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு.

"யாருக்குக் கெடைச்சுது? தொரைக்கு ஓசியில கொத்தனார் வேல பாத்துக் குடுத்திருக்கேன்."

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. கிழவர் காறித் துப்பிவிட்டு, தேயிலைச் சரிவுப் பாதையில் இறங்கி நடந்தார்.