வால்பூர்கா கட்டிய முடிச்சு

ஹாம்பர்க்கிலிருந்து வந்த வீப்கே எங்கள் ஊர் பீர்த் திருவிழாவுக்குப் போவது அதுதான் முதல் தடவை. வரப்போகிற மாமியார் வால்பூர்கா தன் கையாலேயே அவளுக்குப் பாவாடையும் ரவிக்கையும் உடுத்தி, ஏப்ரன் நாடாவை முதுகுப் பக்கம் அழகாக முடிந்துவிட்டாள். வீப்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாக மருமகளாக ஏற்றுக்கொண்டாளே!

கூடாரத்துக்குள் போனால் ஆளாளுக்கு அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"இந்த வயசுலயாம்மா? எப்படிப் போனாரு?" என்றார் கசாப்புக்கடை குவிரின்.

"யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான்."

கை நிறையக் குவளைகளோடு வந்த பரிமாறுகிறவள் சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல ஏப்ரன் முடிச்சு இடப்பக்கம்னா தனி ஆளு, வலப்பக்கம்னா ஜோடி இருக்கு, பின்னாடின்னா புருஷன் செத்தவ. யாரும்மா உனக்குக் கட்டிவிட்டது?"

வீப்கே, தான் கட்டிக்கொள்ளப்போகிற கோர்பீனியனைப் பார்த்தாள். வீட்டிலிருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவன், இந்த ஊரிலேயே பிறந்தவன்.

"அம்மா சும்மா விளையாடிருக்காங்க. இதைப் போய்ப் பெருசு பண்ணாத" என்று மீசை நுரையைத் துடைத்தான்.

வால்பூர்கா, பீருக்குத் தொட்டுக்கொள்ள மகனுக்குச் சீவிய முள்ளங்கிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். "என் பிள்ளை உன்னைப் பொறுத்தவரை செத்துட்டான்னு வெச்சுக்கோயேன்" என்றாள் நிதானமாக.

வீப்கே எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க முடிச்சை அவிழ்த்து இடப்பக்கம் கட்டினாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று குவிரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வால்பூர்கா நினைத்தது நடந்துவிட்டது. கோர்பீனியனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. திருவிழாவில் அவனுக்கு முள்ளங்கி சீவிக் கொடுப்பது இன்றும் அம்மாதான்.