வெயிலுக்கு நேர்ந்த பொங்கல்

மழை விட்டு வெயில் ஏறினால் வரப்பு காயும், கால் வழுக்காது. அகரம் கிராமத்துக்காரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான், காஷ்மீர் மலையில் பட்டாளத்தில் இருக்கும் பரணி "விடாம பனி கொட்டுது, எறங்க முடியல" என்று சொன்னதுமே அவன் அம்மா ஜக்கம்மாள் முத்தாலம்மனிடம் ஓடினாள். "வெயில அடிக்க வையி ஆத்தா, பொங்க வைக்கிறேன்!"

வெள்ளிக்கிழமை மருமகள் ஜீவிதாவுக்கு வளைகாப்பு. பரணிக்கும் கூட்டாளிகளுக்கும் லீவு கிடைத்தாயிற்று. ஒரு சரிவைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கினால் போதும், வந்து சேர்ந்துவிடுவான்.

ஆத்தாளும் கேட்டதைக் கொடுத்தாள். புதன்கிழமை காலையில் பரணி ஜீவிதாவுக்குப் போன் பண்ணினான்.

"இங்க பளிச்சுனு வெயில் அடிக்குது. அதான் போகக் கூடாதுங்கிறாரு சுபேதாரு."

"இதென்னங்க கூத்து! வெயிலடிச்சாத்தானே நடக்க வாகு?"

"புதுப் பனியில வெயில் பட்டா மொத்தமாச் சரியுமாம். குழி தோண்டிக் காட்டுனாரு. அடியில சீனி கணக்கா ஒட்டாத பனி, அதுமேல கெட்டியா புதுசு. எனக்கென்னமோ நிக்கும்னுதான் தோணுது. மத்தியானம் கெஞ்சிப் பாக்குறேன், விட்ருவாரு."

"நல்லாக் கேளுங்க," என்றாள் ஜீவிதா.

போனை வைத்ததும் மண்டைக்குள் குடைச்சல். நிற்கிற பனி எப்படிச் சரியும்? ஒன்று விளங்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தாம்பாளத்தில் சீனியைப் பரப்பி, மேலே ஈர அரிசிமாவை அழுத்தி அப்பினாள். ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் தூக்கினாள். அப்போதும் நின்றது. புருஷன் சொன்னதுதான் சரி என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

சரி, மேலே ஆள் நடந்தால்? விரலால் லேசாக ஒரு தட்டு தட்டினாள். குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. மாவு மொத்தமும் சர்ரென்று இறங்கி அவள் மடியில் கொட்டியது.

இதன்மேல் நடக்கத்தானா கெஞ்சச் சொன்னாள்!

"என்னத்தா, மாவ இப்பிடி எறைச்சு வச்சிருக்க?" என்று வந்தாள் ஜக்கம்மாள், கையில் பொங்கல் வைக்க வாங்கிய புதுப்பானை. ஜீவிதா மறுபடி சீனி பரப்பி, மாவு அப்பி, தட்டிக் காட்டினாள்.

"அடி ஆத்தி! எம்புள்ளைக்கு நானே எமனக் கூப்புட்டேனா!" பானையை அப்படியே வைத்துவிட்டு, கொடுத்த வெயிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி வேண்ட, செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினாள்.

ஜீவிதா போனை எடுத்தாள். "யாருகிட்டயும் கெஞ்சாதீங்க. இன்னைக்கு எறங்கவே எறங்காதீங்க."

"வளைகாப்பு?"

"வளையல் எங்கயும் ஓடிறாது. நீங்க இல்லாமயே போட்டுக்கிறேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் கையால் சந்தனம் பூச வேண்டும் என்று எம்புட்டு ஆசைப்பட்டிருந்தாள்!

மறுநாள் காலையில் போன் வந்தது.

"ரோட்டுக்கு வந்துட்டோம். ராக்குளுருல பனி எறுகிருச்சு, விடியுமுன்ன நடந்துட்டோம். நேத்து மத்தியானம் அந்தச் சரிவு மொத்தமும் எறங்கிருச்சு ஜீவிதா. நான் கெஞ்சியிருந்தா நாங்க கெளம்பியிருக்கிற நேரந்தான்."

"பேசாம வீடு வந்து சேருங்க," என்றாள்.

வளைகாப்பு முடிந்த மறுநாள்தான் வந்தான். பையை இறக்கிய கையோடு அம்மா அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே இரண்டு அடுப்பில் இரண்டு பானை.

"எதுக்கும்மா ரெண்டு?"

"கேட்டதக் குடுத்தாள்ல, அதுக்கு ஒண்ணு. கேட்டது தப்புன்னதும் கோவிச்சுக்காம திருப்பி எடுத்துக்கிட்டா பாரு, அதுக்கு ஒண்ணு."

ஜீவிதா கைநிறைய வளையல் குலுங்க, இரண்டாவது பானைக்கு விறகைத் தள்ளிவிட்டாள்.