பலகைக்கு அந்தப் பக்கம்

...கால் அசைந்தால் போதும், ஒரே ஒரு அடி, முழங்காலுக்குக் கீழே சிமென்ட் ஊற்றியதுபோல நிற்கிறதே என்று நினைத்தான் கபேயா. ஓராண்டாகத் துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்புச் சட்டையைக் காலையில்தான் எரித்தார்கள், செத்துப்போன மனைவி கபிங்காவின் அண்ணன் முலும்பாவே தீ வைத்தான், இனி மிச்சம் இது ஒன்றுதான், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் முதலில் ஆட வேண்டும், அவன் ஆடாமல் யாரும் ஆடக் கூடாது, சாப்பிடவும் கூடாது... ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் காங்கோ சனம் பாதி இந்த மாடி மண்டபத்தில்தான், சுட்ட மீன் ஆறுகிறது, கிட்டார்கள் மறுபடி வேகமெடுத்து மறுபடி அடங்குகின்றன... ஆடாவிட்டால்? அவளை இன்னும் விடவில்லை என்பார்கள், அவள் வீட்டார் எல்லாரும் இன்னோர் ஆண்டு கறுப்பு கட்ட வேண்டும், அவள் பெரியம்மா ஃபிலோமெனுக்கு அத்தனை ஆயுள் இருக்குமா?

“என்ன மச்சான், காலைக் கின்ஷாசாவிலேயே வச்சிட்டு வந்துட்டியா?” என்றான் முலும்பா. “அவனை விடுடா. மாப்பிள்ளை, சும்மா இடுப்பை ஆட்டு, நாங்க கண்ணை மூடிக்கிறோம். பசி உயிர் போவுது!” பெரியம்மா. சிரித்தார்கள். அவனும் சிரித்தான், வாய் மட்டும். இந்தப் பாட்டு கபிங்கா சுதி தப்பிப் பாடுவது, இதற்கு எப்படி ஆடுவது? இந்த ஊரில் எந்தப் பாட்டில்தான் அவள் இல்லை, முடிவெட்டும் கடையில் ஜிம்பாப்வேக்காரர் கட்டைவிரலால் மீட்டும் பெட்டியைக் கேட்டால் கடை வாசலில் நிற்பாள், நைஜீரியர்களின் ஞாயிற்றுக்கிழமை முரசுக்குத் தலையணையைக் காதில் வைத்து அமுக்குவாள், மொசாம்பிக் டாக்சிக்காரரிடம் சத்தமா வைங்கண்ணே என்பாள்... எல்லாம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் எதுவும் வலிக்கவில்லை, அதுதான் பயம்.

அப்போதுதான் மண்டபத்தை இரண்டாகப் பிரித்த பலகைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியக் கல்யாணத்தில் மத்தளம் விழுந்தது, ஒற்றைக் கம்பி வயலின் ஒன்று இழைந்து ஏறியது, பெண்கள் குலவையிட்டார்கள், இதென்ன இது, தோள் துடிக்கிறதே, இடது தோள், பிறகு வலது, கழுத்து, மூச்சு, அட, கால்! கால் வந்துவிட்டது, தாளம் புரியவில்லை, புரியாமலே தரை துள்ளுகிறது, உள்ளங்கை சுடுகிறது, கபேயா ஆடுகிறான், நடு மண்டபத்தில், தோளை உதறி உதறி, வாய்விட்டுக் கூவிக்கொண்டு... பெரியம்மா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.

“நிறுத்துங்க! அது அவங்க பாட்டு, செல்லாது!” முலும்பா குறுக்கே வந்தான்.

“ஆடினானா இல்லியா? துக்கம் முடிஞ்சுது. மீனை எடுங்கடி!”

“கபிங்கா இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லியே பெரியம்மா!”

 பெரியம்மா முதல் மீனைக் கையால் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான், கிட்டார்கள் பாய்ந்தன, கூட்டம் அவனைச் சூழ்ந்தது, முலும்பாகூட ஆடினான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆடினான். கேட்டதே இல்லை... ஆமாம், அவள் கேட்டதே இல்லை, அந்தப் பாட்டில் அவள் எங்கேயும் நிற்கவில்லை, அதனால்தான் கால் வந்ததா? அப்படியானால் ஆடியது யார், அவளைக் கட்டிக்கொண்டவனா, வேறு எவனாவதா? சுற்றிலும் தன் ஊர்ப் பாட்டு முழங்க, கபேயா பலகைப் பக்கமாகவே ஆடிக்கொண்டு நகர்ந்தான், அங்கே அடுத்து என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்க.