நனைத்த அப்பம்

"அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. திருவிருந்து அப்பாவுக்கு மட்டுந்தான்" என்றான் கொழுந்தன்.

அவள் ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி சுவரோரம் ஒதுங்கினாள். கழுவித் துடைத்த அறையில் இன்னும் மூத்திர நெடி போகவில்லை. போதகர் மருந்துப் பாட்டில்களை நகர்த்தி, மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் திருவிருந்துக் கிண்ணத்தை எடுத்துவைத்தார். கொழுந்தன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவேயில்லை. அவன் திருச்சபைச் செயலாளர்.

கட்டிலில் கிடந்த அவள் மாமனாரும் ஒரு காலத்தில் அதே பதவியில் இருந்தவர். 'கோர்ட்டு' என்று அவருக்குப் பட்டப்பெயர். ஆராதனைக்குத் தொடர்ந்து வராதவர்கள் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் திருவிருந்து என்பது அவர் போட்ட சட்டம். மூத்த மகன் இறந்த மறுவருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. விதவை மருமகள் சலவைக்கடை வேலையை விட்டுவிட்டு அவரோடு இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் வந்து உட்காரச் சொல்லிக் கொழுந்தனைக் கேட்டுப் பார்த்தாள். "ஆராதனை நேரத்துல நான் எப்படி அண்ணி வர்றது?" என்றான். அதோடு அவள் கோயிலுக்குப் போவது நின்றது.

போதகர் ஜெபித்துவிட்டு அப்பத்துண்டைப் பெரியவரின் நாக்கில் வைத்தார். அது உள்ளே இறங்காமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருமல் கிளம்பியது, முகம் கறுத்தது. போதகர் பதறிக் கையை இழுத்துக்கொண்டார்.

"தூக்கி உட்கார வைங்க தம்பி!"

கொழுந்தன் அசையவில்லை. அப்பனை எங்கே பிடித்துத் தூக்குவதென்று அவனுக்குத் தெரியாது. அவளே ஓடிவந்து அவரை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்து, விரலை விட்டு அப்பத்தை எடுத்தாள். மூச்சு சீரானது.

"நனைச்சுக் குடுத்தாத்தான் இறங்கும், ஐயா."

போதகர் இன்னொரு துண்டையும் கிண்ணத்தையும் நீட்டினார். அவள் பாதியைப் பிட்டு, திராட்சை ரசத்தில் தோய்த்து ஊட்டி, தொண்டையைத் தடவிவிட்டாள். இறங்கியது. மீதியைக் கொண்டுபோனபோது பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். இடக்கை மெல்ல எழுந்து, அவள் மணிக்கட்டைப் பற்றி, அவள் வாய்ப்பக்கமே தள்ளியது.

"அவங்க சாப்பிடக் கூடாதுப்பா. நீங்க போட்ட சட்டந்தானே?"

பெரியவரின் கன்னத்தில் நீர் வழிந்தது. கை மட்டும் இறங்கவில்லை.

அவள் போதகரைப் பார்த்தாள். போதகர் செயலாளரைப் பார்த்தார். அதற்குமேல் அவள் யாரையும் பார்க்கவில்லை, சாப்பிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில், தகப்பனைக் கனம்பண்ணிய பிள்ளை என்று இளையவனைப் பலரும் மெச்சினார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது அவன் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இனிமே உங்களுக்கு நேரம் இருக்கே அண்ணி. ஞாயித்துக்கிழமை முன்னால நின்னு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க. அன்னைக்கு நடந்ததுக்கும் சேர்த்து."

"கேக்கறேன் தம்பி. எதுக்குன்னு நீங்க எந்திரிச்சுச் சொல்லுங்க. அவரைக் கழுவிவிட்டதுக்கா? புண்ணு வராமப் புரட்டிப் படுக்க வெச்சதுக்கா?"

அவன் குடையை விரித்துக்கொண்டு வேகமாக முன்னே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாள் கட்டிலருகே தனியாக முணுமுணுத்த பாட்டை இன்று எல்லோரும் பாடினார்கள். அவளும் பாடினாள். பாட்டு முடிந்து பிரசங்கம் நடக்கும்போது திடுக்கென்று எழுந்து நின்றாள். மாமனாரை மறுபக்கம் புரட்டிவிடும் நேரம் அது. இரண்டடி நடந்த பிறகுதான் கட்டில் காலி என்பது உறைத்தது. நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரைப் புதைத்த அன்றுகூட வராத அழுகை.

பிரசங்கம் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

செயலாளர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நம்ம சகோதரி மனந்திரும்பிட்டாங்க."

சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது.