மச்சானின் அடுத்த ஆண்டு வாசிப்பு

1

இந்தக் கதையை அக்கா எனக்குத் தரவில்லை. பேச்சுவாக்கில் சொன்னதை நானாக எடுத்துக்கொண்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்: “லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கடவுளைத் தேடி...”

வேண்டாம். அக்காவின் கணவர் தேடுகிறவர் இல்லை. கிடைத்துவிட்ட நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்.

(மச்சான் இதைப் படிக்க மாட்டார். புனிதர் வரலாறு, தியான நூல், பங்குத்தந்தை இரவல் தரும் மறையுரைத் தொகுப்பு. கதைக்கெல்லாம் அவரிடம் நேரமில்லை.)

2

ஞாயிறு திருப்பலி முடிந்து, மதியச் சாப்பாட்டில் அவர் அடுத்த ஆண்டு படிக்கப்போகும் புத்தகங்களின் திட்டத்தை அறிவித்தார்.

“தவக்காலத்துக்கு ஆண்டவரோட பாடுகளைப் பத்தி ஒண்ணு. அப்புறம் பாலைவனத் துறவிங்க. வருஷக் கடைசிக்கு மௌனத்தைப் பத்தி, தலகாணி மாதிரி ஒண்ணு இருக்கு.”

அக்கா தண்ணீர் ஊற்றினாள். “இதுல நான் எந்தப் பக்கத்துல வர்றேன்?”

அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

3

வேடிக்கை இல்லை. அக்காவின் மார்பில் ஒரு கட்டி. தனியாகப் போய் டாக்டரிடம் காட்டியிருந்தாள். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், துணைக்கு ஆளோடு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

அன்று மாலை பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். துணைக்கு வர வேண்டிய ஆள் நாற்காலியில் இருந்தார்.

“ஏங்க.”

விரலை உயர்த்தினார். “இந்தப் பத்திய முடிச்சுடறேன்.”

“ஏங்க, ஒரு விஷயம்.”

“ரெண்டே வரி.”

(அவர் படித்துக்கொண்டிருந்தது சிலுவையடியில் நின்ற பெண்களைப் பற்றி. கதைக்காக ஜோடித்தது போல இருக்கிறதென்று நீக்கினேன். அக்காதான் “அது இருக்கட்டும்” என்றாள்.)

ஒரு வரைவில் அவள் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தாள். அக்காவை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவள் எதிரே வந்து நின்று, அவர் கையை எடுத்துக் கட்டியின் மேல் வைத்தாள்.

“இது என்னன்னு பாருங்க.”

லிஃப்ட் வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் தடவியே கண்டுபிடிக்கிற விரல்கள். அப்படியே நின்றுவிட்டன.

“எப்பலேருந்து?”

“நீங்க இதுக்கு முந்தின புத்தகத்த ஆரம்பிச்சதுலேருந்து.”

4

மருத்துவமனைக்கும் அவர் புத்தகம் கொண்டுபோனார். இங்கே கதை முரண்டு பிடித்தது. அவர் அதைத் திறக்காமல் அவள் கையைப் பற்றிக்கொண்டதாக எழுதினேன். அழகாக இருந்தது. ஆனால் அவர் திறந்தார். பயந்தால் வேறு என்ன செய்வதென்று தெரியாத மனிதர்.

பக்கம் திரும்பாததை அக்கா கவனித்தாள்.

“சத்தமா படிங்க. எனக்கும் கேக்கணும்.”

ஒரு வரி படித்தார். “எழுத்து தெரியல” என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவள் புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து நிதானமாகப் படித்தாள், நர்ஸ் வந்து கூப்பிடும் வரை.

5

இன்று முடிவு வாங்கப் போகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதிடவா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“உன் இஷ்டத்துக்கு என்னைக் குணமாக்காத. கொன்னும் போடாத. பிள்ளைங்களுக்குச் சோறு போடு, போதும்.”

அவள் உள்ளே போனதும் மச்சான் என்னை வாசலுக்கு அழைத்தார். குரல் அவருடையதாகவே இல்லை.

“அந்தத் திட்டமெல்லாம் இருக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கற மாதிரி ஒரு புத்தகம் குடேன்.” கையை நீட்டினார்.

“எவ்வளவு பெருசா, மச்சான்? எத்தனை மாசத்துக்கு வர்ற மாதிரி?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று புரிந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

அவர் சொன்ன பதில்...

இல்லை, அதை நான் எழுதப் போவதில்லை. மெல்லியதா, தடித்ததா, நீங்களே ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். அக்கா செருப்பு மாட்டுகிறாள். அவர் இன்னும் கையை நீட்டியபடி நிற்கிறார்.